கருப்புக் குஞ்சு யாருது

பத்தரே, ஊசிய எடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க. புள்ள இப்பத்தான் மொட்டை போட்டு அழுது ஓஞ்சிருக்கா. ரெண்டு வாய் இட்லி உள்ள போகட்டும். வெறும் வயித்தோட காது குத்துனா மயக்கம் வரும்னு யாரோ சொன்னாங்க. யாரு சொன்னாங்கன்னு ஞாபகம் இல்ல. இருந்தாலும் பொறுங்க.

நேரம் கெடக்கு. பத்தரை வரைக்கும் நல்ல நேரந்தான். இப்ப மணி ஒம்பதரை இருக்குமா? பத்தா? உங்க கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடுது போல.

அந்தா, பட்டு வேட்டி கட்டிக்கிட்டுச் சம்மணம் போட்டு உக்காந்திருக்காப்ல பாருங்க, அது குமரேசன். எங்க பெரியப்பா மகன். அவரு மடியிலதான் எம் மக கனிஷ்காவ உக்கார வைக்கப் போறோம். எட்டு மணிக்கே உக்காந்துட்டாப்ல. கால் மரத்துப்போச்சுன்னு ரெண்டு தடவ எந்திரிச்சு நொண்டி நொண்டி நடந்துட்டு வந்தாப்ல. ஆமாங்க, தாய்மாமன் முறைதான். கூடப் பொறந்த தாய்மாமன் இல்லையானு மட்டும் கேட்டுறாதீங்க. கேட்டுட்டீங்களா? சரி.

இருக்கான். ஒரே ஒருத்தன். சுருளிவேல்னு பேரு. எனக்கு அடுத்துப் பொறந்தவன். எங்க வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு. ரெண்டு வருசமாப் பேச்சு இல்ல. நான் அவனுக்காகத்தான் உங்களக் காக்க வைக்கிறேன்னு நினைச்சுக்கிராதீங்க. புள்ள சாப்பிடட்டும்னுதான். கனிஷ்கா, மெல்ல மென்னு தின்னு தாயி. அவசரம் ஒண்ணும் இல்ல.

நீங்க வத்தலகுண்டுல இருந்து வர்றவரு, உங்களுக்கு எங்க கதை தெரியாது. இங்க உக்காந்திருக்க முப்பது பேருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. நம்பாதீங்க. நான் சொல்றதுதான் நெசம்.

எல்லாம் கோழியால வந்தது. சிரிக்காதீங்க. கொழம்புக்கு வைக்கிற கோழி இல்லங்க. கிளிமூக்கு விசிறிவால்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அலகு கிளிக்கு இருக்க மாதிரி குட்டையா வளைஞ்சிருக்கும். வாலு தரையக் கூட்டுற மாதிரி நீளமாத் தொங்கும். சண்டைக்கு விடுறது இல்ல, அழகுக்கு வளக்குறது. வருசா வருசம் தை மாசம் கண்காட்சி நடக்கும். நடுவருங்க வந்து அலகப் பாப்பாங்க, கண்ணுல வெள்ளை இருக்கானு பாப்பாங்க, வால விரிச்சு அளப்பாங்க, அப்புறம் நிறம் பாப்பாங்க. முழுக் கருப்பா இருந்தா காகம்போம். கீரிப்புள்ள நிறத்துல இருந்தா கீரி. மயிலு, செவலை, கொக்கு வெள்ளைனு எம்புட்டோ உண்டு. அதெல்லாம் எல்லாரு வீட்லயும் இருக்கு. சாம்பல் நிறம் மட்டும் நூறு வீடு ஏறி எறங்குனா ஒரு வீட்ல இருக்கும்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பெரியவரு, கோழியெல்லாம் குடுத்துட்டு மகன் வீட்டோட போகப் போறாருன்னு தகவல் வந்துச்சு. ஓடிப் போயி சாம்பல் சேவலும் சாம்பல் பெட்டையும் ஒரு ஜோடி வாங்கியாந்தேன். எங்க வீட்டுக்காரரு பஸ் ஓட்டுறவரு. அவரு பஸ்ஸுலயே முன் சீட்ல எம் மடியில வச்சுக் கொண்டாந்தேன். அந்தச் சேவல நீங்க பாத்திருக்கணும் பத்தரே. தலையில இருந்து வால் நுனி வரைக்கும் ஒரே சாம்பலு. பேங்க் மேனேசரு சபாரி டிரெஸ் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற மாதிரி நிக்கும். சபாரின்னே பேரு வச்சேன். கூப்பிட்டா திரும்பிப் பாக்காது. மேனேசரும் அப்படித்தான.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். பன்னெண்டு முட்ட அடை வச்சா பன்னெண்டும் சாம்பலாப் பொறிக்கணும். தவமணி வீட்டுச் சாம்பலுன்னு நாலு மாவட்டத்துல பேரு சொல்லணும். அம்புட்டுதான். அது ஒரு பெரிய ஆசையா?

மொத அடை பொறிச்சுச்சு. கூடை மாதிரிக் கவுத்திருந்த பஞ்சாரத்தத் தூக்கிப் பாக்குறேன். ஆறு சாம்பலு. மூணு கருப்பு. மூணு என்னமோ ஒரு நிறம். இறகு மொளைச்ச பிறகு பாத்தா, வெள்ளை வேட்டியில மையக் கொட்டிட்டுத் தொவைச்ச மாதிரி அங்கங்க திட்டுத் திட்டா இருக்கு. அழுக்கு வெள்ளைனு வச்சுக்கங்க. அதக் கண்ணால பாக்கவே பிடிக்கல. வெயிலுக்கு முட்ட சூடாகிப்போயி வந்த கோளாறுன்னு விட்டுட்டேன்.

ஆனா கருப்பு? சாம்பலும் சாம்பலும் சேந்தா கருப்பு எங்கிருந்து வரும்? நீங்களே சொல்லுங்க. பக்கத்து வீட்ல காகச் சேவல் இருந்தா வரும். என் தம்பி வீட்ல இருந்துச்சு. நல்ல காகம். அதுல குத்தம் சொல்ல மாட்டேன். வெயில்ல நின்னா இறகுல பச்சை அடிக்கும். நடுச் செவுரு என்ன ஒசரம்? நாலடி. அந்தச் சேவலுக்கு அது ஒரு தாவு.

நான் கோவக்காரி இல்லங்க. மொதல்ல நல்லபடியாத்தான் சொன்னேன். தம்பி, உன் சேவல் செவுரு தாண்டி வருதுடான்னேன். அவன் சிரிச்சான். "அக்கா, அது கெழட்டுச் சேவல். நாலடி குதிச்சா இடுப்பு ஒடிஞ்சிரும்"னான். சொல்லிட்டு, மறுநாளு அவனே கம்பு ஊண்டி செவுத்து மேல வலை கட்டிவிட்டான். அப்பவே எனக்குச் சந்தேகம். தப்பு இல்லாதவன் எதுக்கு வலை கட்டணும்?

ரெண்டாவது அடை. அஞ்சு சாம்பலு, மூணு கருப்பு, ரெண்டு அழுக்கு வெள்ளை. சொன்னேன். சேவலோட கால்ல கயித்தக் கட்டி முருங்கை மரத்துல கட்டிப்போட்டான். மூணாவது அடையிலயும் கருப்பு. இப்ப என்ன அர்த்தம்? வலை இருக்கு, கயிறு இருக்கு, அதுக்கு மேலயும் கருப்பு வருதுன்னா, யாரோ கயித்த அவுத்துச் சேவலத் தூக்கியாந்து என் கூட்டுல விடுறாங்கன்னுதான அர்த்தம்? நான் பகலெல்லாம் தையல் மிஷின்ல உக்காந்திருக்கவ. பின்னாடி யாரு வர்றா போறானு எனக்கு எப்படித் தெரியும்?

எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, "தவமணி, அவனுக்கு வேற வேலை இல்லையா?"ன்னு. அவரு அப்படித்தான். பஸ்ஸு ஓட்டி ஓட்டி, யாரு கைய நீட்டுனாலும் நிறுத்தி ஏத்திக்கிற கொணம். என் மூளை அவருக்கு இல்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாசியில, இதே கோயிலு, இதே எடம். பொங்க வச்சு எறக்கியாச்சு. சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் எலையில உக்காந்திருக்காங்க. அவன்தான் சோறு பரிமாறிக்கிட்டு வந்தான். என் எலைக்கு வந்ததும், "என்னக்கா, உன் மேனேசரு எப்படி இருக்காரு?"ன்னு கேட்டான். கேலிக்கு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல. "கூடப் பொறந்தவ நல்லாருக்கப் பொறுக்காம, களவாணித்தனமா சேவலக் கொண்டாந்து விட்டு எங்கோழி வம்சத்தக் கெடுக்குறியே, உனக்கு வெக்கமா இல்லையாடா?"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். எனக்குக் கொரலே அப்படி.

அவன் கையில சோத்துவாளி. அதக் கீழ வைக்கக்கூட இல்ல. அடுத்த எலைக்குப் போயிட்டான். எல்லாருக்கும் போட்டு முடிச்சுட்டு, சாப்பிடாம வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். சாப்பிடாமப் போனதுதான் எனக்கு... அது கெடக்கு விடுங்க.

மறுநாளு அந்தக் காகச் சேவலப் பெரியகுளத்துல அவன் மாமியா வீட்ல கொண்டுபோயி விட்டுட்டான். எங்கிட்டப் பேச்சையும் நிறுத்திட்டான். கனிஷ்காவுக்கு அப்பத்தான் மூணு வயசு. ஒரு வயசுல காது குத்தலாம்னா எங்க மாமனாரு தவறிட்டாரு. மூணுல குத்தலாம்னா மடி போயிருச்சு. ஒத்தப்படை வயசுலதான குத்தணும், அதனால அஞ்சுக்குத் தள்ளியாச்சு. அடுத்த மாசம் ஆறு பொறக்குது. பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற புள்ளைக, "என்னடி, நீ பையனா"ன்னு கேக்குதுகளாம். வந்து என்னையக் கேக்குறா, "அம்மா, மாமா மடிதான் வேணுமா, நாக்காலி இருந்தாப் பத்தாதா"ன்னு. புள்ளைக்கு என்ன பதில் சொல்றது?

சேவல் ஊர விட்டுப் போச்சு. அடுத்த அடையில என்ன ஆச்சுன்னு கேளுங்க. நாலு சாம்பலு, ரெண்டு கருப்பு, ரெண்டு அழுக்கு. சேவல் இருக்கறது பெரியகுளத்துல. எங்க வீட்டுக்காரரு கருப்புக் குஞ்ச உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "இது எந்த பஸ்ஸப் பிடிச்சு வந்துச்சு தவமணி?"ன்னு கேக்குறாரு. நான் சொன்னேன், ஒரு தடவ கெட்ட ரத்தம் கெட்டதுதான், ஏழு தலமுறைக்கு நிக்கும்னு. அவரு ஆரஞ்சு முட்டாயி வாங்கப் போயிட்டாரு. எங்கிட்ட வாதாட முடியாதுன்னா முட்டாயி வாங்கப் போயிருவாரு.

ஒரு வருசம் கழிச்சு சேவல் திரும்பி வந்துருச்சு. வந்தா வந்துட்டுப் போகுது.

இந்த வருசம் தை மாசக் கண்காட்சிக்கு சபாரி மகனக் கொண்டுபோனேன். அலகுக்கு நல்ல பேரு, வாலுக்கு நல்ல பேரு, மொத்தத்துல ரெண்டாவது எடம். நடுவரு நல்ல மனுசன். சேவலத் தடவிக்கிட்டே, "ஏம்மா, ஒரு அடைக்கு எத்தன சாம்பல் வருது?"ன்னாரு. பாதின்னேன். மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, "முழு அடையும் சாம்பலாக் கொண்டாம்மா, அடுத்த வருசம் பேசுவோம்"னு சொல்லிட்டு அடுத்த கூண்டுக்குப் போயிட்டாரு. சுத்தி நின்னவன் பூராம் கேட்டான். அன்னைக்குப் பூராம் எனக்குச் சோறு எறங்கல.

டீ குடிக்கிறீங்களா பத்தரே? ஏங்க, பத்தருக்கு ஒரு டீ சொல்லுங்க. அவசரம் இல்ல, கடைக்குப் போயே வாங்கிட்டு வாங்க. குமரேசண்ணே, நீங்களும் கொஞ்சம் கால நீட்டிக்கங்க.

இப்பத்தான் கதையே. என் தம்பி பொண்டாட்டி நாகஜோதின்னு ஒரு புள்ள. வாயத் தெறந்து பேசாது. நான் வேண்டாம்னு ஒதுக்குன அழுக்கு வெள்ளைக் குஞ்சுல ரெண்டு பெட்டைய எங்க வீட்டுக்காரருகிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கு. எடுத்துட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன். அந்த நிறத்த வச்சு என்ன செய்யப் போறான்னு நினைச்சேன். அதுக வளந்து, அந்தக் காகச் சேவலோட சேந்து, முட்ட போட்டு, அடையும் வச்சிருச்சு அந்தப் புள்ள. எனக்குத் தெரியாது.

வைகாசியில ஒரு நாளு துணி காயப் போட மாடிக்குப் போறேன். அங்கிருந்து அவுக வீட்டு வாசல் தெரியும். கோழி ஒண்ணு குஞ்சோட மேயுது. எண்ணிப் பாக்குறேன், பதினோரு குஞ்சு. பதினொண்ணும் சாம்பலு. ஒரு கருப்பு இல்ல. ஒரு அழுக்கு இல்ல. பத்தரே, மூணு வருசமா நான் சாமி கும்பிட்டுக் கேட்டது, செவுத்துக்கு அந்தப் பக்கம் நெல்லுப் பொறுக்கிட்டுத் திரியுது.

நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? நான் அதத்தான் நினைச்சேன். எங்கோழி முட்டையத் திருடி அடை வச்சிருக்காங்கன்னு. எறங்கி வந்து செவுத்துக்கு மேல தலைய நீட்டி, "முட்டத் திருடி"ன்னு சொன்னேன். ஒரு தடவதான் சொன்னேன். மூணு தடவைனு சொல்லுவாங்க, நம்பாதீங்க.

தம்பி வீட்டுக்குள்ள இருந்து எந்திரிச்சு வர்றான். மூஞ்சி செவந்து கெடக்கு. அவனக் கையக் காட்டி நிறுத்திட்டு இந்தப் புள்ள முன்னாடி வந்துச்சு. நெசமாச் சொல்றேன், அன்னைக்குத்தான் அதோட கொரலையே கேட்டேன். "மதினி, உங்க வீட்ல அடைக்கோழி இருக்கா?"ன்னுச்சு. இருக்குன்னேன். "இந்த அழுக்கு வெள்ளைப் பெட்டை போடுற முட்டைய நான் ஒம்பது சேத்துத் தர்றேன். உங்க வீட்லயே, உங்க கோழிக்கே வையுங்க. உங்க கையாலயே பூட்டுங்க. பொறிச்சதும் நிறத்தப் பாத்துட்டுப் பேசுங்க"ன்னுச்சு.

இன்னொண்ணும் சொல்லுச்சு. சாம்பலுங்கறது தனி நிறம் இல்லையாம். கருப்பும் அந்த அழுக்கு வெள்ளையும் பாதிப் பாதி சேந்தாத்தான் சாம்பலாம். அதனால சாம்பலும் சாம்பலும் சேத்தா திரும்பவும் பிரிஞ்சு கொஞ்சம் கருப்பா, கொஞ்சம் அழுக்கா, பாதி சாம்பலாத்தான் வருமாம். ஆயிரம் வருசம் வளத்தாலும் அப்படித்தானாம். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. "ஏத்தா, டிக்காசனும் பாலும் கலந்தா காப்பி. காப்பியக் காப்பியோட கலந்தா காப்பிதான இருக்கும்? பாலு தனியாப் பிரிஞ்சு வந்து நிக்குமா?"ன்னு கேட்டேன். அன்னைக்குப் போட்ட முட்டைய மட்டும் எடுத்து நீட்டுச்சு.

நானும் வாய விட்டேன். "ஒம்பதுல ஒண்ணு கருப்பாப் பொறிச்சாலும் உன் புருசன் எம் மக காதுகுத்துக்கு வரக்கூடாது. அம்புட்டும் சாம்பலாப் பொறிச்சா நான் பேசுனதெல்லாம் தப்பு"ன்னேன். ஒம்பது முட்டையும் சேந்ததும் எல்லாத்துலயும் கரியால கோடு போட்டு, கூட்டப் பூட்டி, சாவிய இந்தா, இந்தத் தாலிக்கயித்துல கோத்துக்கிட்டேன். இருவத்தியொரு நாளு. நானே தண்ணி வச்சேன், நானே தீனி வச்சேன். எங்க வீட்டுக்காரரு கிட்டப் போனாலும் வெரட்டிவிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை கருக்கல்ல சத்தம் கேட்டுச்சு. தெறந்து பாக்குறேன். சாம்பலு. இன்னொரு சாம்பலு. கோழியத் தூக்குனா அதுக்கடியில இன்னும் மூணு. மத்தியானத்துக்குள்ள எட்டுப் பொறிச்சிருச்சு. எட்டும் சாம்பலு.

எட்டுதான. ஒம்பதாவது முட்ட இன்னும் கெடக்குல்ல. அதுக்குள்ள கருப்பு இருந்தா? நான் எந்திரிக்கவே இல்ல. கூட்டுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் பொறிக்கல. மறுநாளும் பொறிக்கல. காதுல வச்சுக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்ல. எங்க வீட்டுக்காரரு, "அது கூமுட்டை தவமணி, தூக்கிப் போடு"ங்கறாரு. கூமுட்டைனு வெளியில இருந்து எப்படிச் சொல்ல முடியும்? அதுக்குள்ளயும் ஒரு நிறம் இருக்கும்லன்னேன். மூணாவது நாளு கொல்லையில கொண்டுபோயி ஒடைச்சேன். நாத்தம் தெருக்கோடி வரைக்கும் போச்சு. நிறம் ஒண்ணும் இல்ல.

அந்த நாத்தத்துல நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் பத்தரே, அவன் கையில சோத்துவாளியோட நின்னது கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. ரெண்டு வருசம். அந்தச் சேவல மாமியா வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கான் பாவி. எம் மேல தப்பு இருக்குன்னு சொல்ல வரல. அன்னைக்கு எனக்கு அந்த விசயம் தெரியாது, அம்புட்டுதான்.

நேர்ல போக முடியல. எட்டுக் குஞ்சையும் கூடையில வச்சு, துணியப் போட்டு மூடி, எங்க வீட்டுக்காரருகிட்டக் குடுத்துவிட்டேன். அதுக்கு மேல என்ன சொல்லணும்? குஞ்சப் பாத்தாலே தெரியாதா? அவன் குஞ்ச வாங்கி வச்சுக்கிட்டு என்ன கேட்டு அனுப்புனான் தெரியுமா? "மாமா, அப்ப இத்தன நாளாப் பொறிச்ச கருப்புக் குஞ்சு யாருதுன்னு அக்காகிட்டக் கேட்டுட்டு வாங்க"ன்னு.

நான் பதிலுக்குப் பத்திரிகைய மட்டும் குடுத்துவிட்டேன். இந்தாங்க, நீங்களும் ஒண்ணு வச்சுக்கங்க. ஆமா, 'தாய்மாமன் சுருளிவேல்'னுதான் போட்டிருக்கு. நான் போடச் சொல்லல. அச்சாபீஸ்ல என் பெரிய மகளோட பழைய சடங்குப் பத்திரிகைய மாதிரிக்குக் குடுத்தேன், அதப் பாத்து அச்சடிக்கிறவனாப் போட்டுட்டான். திருத்தச் சொல்லலாம்னு நினைச்சேன், மறந்துபோச்சு. நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? குமரேசண்ணன் பேரு அடியில இருக்குல்ல, 'வரவேற்பவர்கள்'ல.

மணி என்ன ஆச்சு? பத்தேகாலா?

அந்த வாதநாராயண மரத்துக்கிட்ட வண்டிச் சத்தம் கேட்டுச்சுல்ல. திரும்பிப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு ஊசியத் தொடைங்க. கத்திரிப்பூச் சேலை, கையில தாம்பாளத் தட்டு, அது நாகஜோதி. வண்டி மேல காலூண்டி உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான். எஞ்சின அணைக்கல. பாக்காதீங்கன்னேன்ல.

உள்ள வர மாட்டான். எனக்குத் தெரியும். முப்பது பேரு முன்னாடி பேச்சு வாங்கிட்டுப் போனவன், அந்த முப்பது பேரையும் தாண்டி எப்படி வருவான்? நானா இருந்தாலும் வர மாட்டேன். ஒரே வயித்துல பொறந்ததுக, வேற எப்படி இருக்கும்? அந்தப் புள்ளையும் தட்டோட நடுவழியில நின்னுருச்சு. அவனப் பாக்குது, என்னையப் பாக்குது.

கருப்புக் குஞ்சு யாருதுன்னு அவன் நேர்ல வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா நாலு செவுத்துக்குள்ள சொல்லியிருப்பேன் பத்தரே. இப்ப இம்புட்டுப் பேரு இருக்காங்க. எங்க சித்தி இருக்கு, குமரேசன் பொண்டாட்டி இருக்கா. இவ ஒருத்தி போதும், பொழுது சாயறதுக்குள்ள தேனி வரைக்கும் சேதி போயிரும். ஆனா அன்னைக்குப் பேசும்போதும் இவுகதான இருந்தாங்க.

ஏங்க, டீயப் பத்தருகிட்டக் குடுத்துட்டு புள்ளையப் பிடிங்க.

டேய் சுருளி. வண்டிய அணை. அணைடா, ஒண்ணும் கேக்கல. எல்லாரும் இங்க கொஞ்சம் கேளுங்க. சித்தி, நீயும் கேளு. டேய், அந்தக் கருப்புக் குஞ்சு அம்புட்டும் என்னுதுதான்டா. எஞ் சாம்பலுக்கும் எஞ் சாம்பலுக்கும் பொறந்ததுதான். ஆறு அடையிலயும் பொறிச்ச அத்தன கருப்பும் எம் வீட்டுக் கருப்புதான். உன் சேவல் மேல ஒரு தப்பும் இல்ல.

என்ன? என்ன கேக்குறான்? "சேவல் மேல மட்டுந்தானா"ன்னு கேக்குறான் பாருங்க பத்தரே. நாக்கப் பாருங்க அவனுக்கு.

உன் மேலயும் இல்லடா. போதுமா? அன்னைக்குச் சோத்துவாளியோட நின்னியே, சாப்பிடாமப் போனியே, அதுவும் எந் தப்புதான். ரெண்டு வருசமா அந்தச் சோறு எனக்குத் தொண்டையிலயே நிக்குது. வா. வந்து உக்காரு. குமரேசண்ணே, எந்திரிங்க. கோவிச்சுக்கிராதீங்க, உங்களுக்குக் கால் வேற மரத்துப்போச்சு. வாத்தா நாகஜோதி, தட்ட இங்க வை. சுருளி, உக்காந்ததும் இன்னொரு விசயம் பேசணும். அந்தக் காகச் சேவல எனக்கு ஒரு ரெண்டு மாசத்துக்குக் குடு. எங்கிட்ட அழுக்கு வெள்ளைப் பெட்டை நாலு நிக்குது, தை மாசத்துக்குள்ள ஒரு முழு அடை பாத்துறணும். எதுக்குடா சிரிக்கிற? சரி, அப்புறம் பேசுவோம்.

கனிஷ்கா, போ தாயி. மாமாதான். மடியில போயி உக்காரு.

பத்தரே, என்ன பாக்குறீங்க, நேரம் போகுதுல்ல. இம்புட்டு நேரம் பேசிக்கிட்டே இருக்கீங்க. கம்மலா? குமரேசண்ணன் வாங்கியாந்தது தட்டுல... இரு, நீ என்னடா சட்டப் பையில இருந்து எடுக்குற? ரோஸ் காயிதம் மடிச்ச மடிப்புல நைஞ்சு போயிருக்கு. எப்ப வாங்குன இத? மூணு வயசுக்கு வாங்குனதா? ரெண்டு வருசமா வச்சிருந்தியா?

பத்தரே, இதையே போடுங்க. குமரேசண்ணன் கம்மல அவ பெரியவளானதும் போட்டுக்குவா.

தலையப் பிடிச்சுக்க சுருளி. ஆட விடாத. அம்மா இங்கதான் இருக்கேன் தாயி, மேல பாரு, மரத்துல காக்கா இருக்கு பாரு.

ஆச்சா? ஒரு காது ஆச்சா? ஏன் நிறுத்திட்டீங்க? புள்ள அழுகலங்க, அவ பாட்டுக்குக் காக்காயப் பாத்துக்கிட்டு இருக்கா. அழுகுறது அவ மாமன். அவன் அழுதுட்டுப் போறான், நீங்க அடுத்த காதக் குத்துங்க.